சிகாகோவும் அதன் சாக்கடையும்

சிகாகோ என்றால் நம் ஆட்களுக்கு உடனே ஞாபகம் வருவது 1893இல் விவேகானந்தர் பேசியது, இல்லாவிட்டால் 1886 ஹேமார்க்கெட், அதாவது மே தினம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் 1871 தீயைச் சொல்வார்கள். ஊரே சாம்பலானது, அந்தச் சாம்பலிலிருந்து வானளாவிய கட்டிடங்கள் எழுந்தன என்று. எனக்கு அந்தத் தீக்கதை மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. அந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் சாக்கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், அது ஊர் கட்டத் தோதான இடமே இல்லை. மிச்சிகன் ஏரியின் மட்டத்துக்குச் சில அடிகளே மேலே இருந்த சதுப்பு நிலம். ஆனால் ஒரு வசதி இருந்தது. சிகாகோ ஆறு ஏரியில் கலக்கிறது. மேற்கே சில மைல் தள்ளி ஓடும் டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றின் தண்ணீர் மிசிசிப்பிக்குப் போகிறது. நடுவில் இருப்பது மேடு என்று சொல்லவே கூச்சப்படும் அளவுக்கு ஒரு மேடு. படகைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால் அடுத்த ஆறு. பூர்வகுடிகள் காலங்காலமாகப் போய்வந்த வழி அது. 1673இல் அவ்வழியே வந்த ஜோலியட் என்ற பிரெஞ்சுப் பயணி, இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் போதுமே என்று அப்போதே சொல்லிவிட்டார்.

வெளியிலிருந்து வந்து அங்கே நிலையாகத் தங்கிய முதல் ஆள் ழான் பாப்டிஸ்ட் புவான் து சாபிள். கறுப்பர். மனைவி கிட்டிஹாவா, போட்டவாட்டமி என்ற பூர்வகுடி இனத்தவர். 1800இல் அவர் சொத்தை விற்றபோது வீடு, மாவு ஆலை, ரொட்டி சுடும் கொட்டகை, பால் அறை, ஆடுமாடு, கோழி என்று ஒரு நல்ல பண்ணையே கைமாறியது. ஆனாலும் 1804இல் அதே வீட்டுக்குக் குடிவந்த கின்ஸி என்ற வெள்ளை வியாபாரியைத்தான் நெடுங்காலம் ‘சிகாகோவின் தந்தை’ என்று கொண்டாடினார்கள். வீடு கட்டியவரை விட்டுவிட்டு, பிறகு வந்தவருக்கு மாலை! ஆற்றுப் பாலத்துக்கு து சாபிள் பெயர் வந்தது 2010இல், ஏரிக்கரைச் சாலைக்கு வந்தது 2021இல்.

1833 ஒப்பந்தத்தில் போட்டவாட்டமி மக்களிடம் மிச்சமிருந்த நிலத்தையும் எழுதி வாங்கி, அவர்களை மிசிசிப்பிக்கு அப்பால் அனுப்பினார்கள். அதே வருடம் சில நூறு பேரோடு பேரூர். 1837இல் நாலாயிரம் பேரோடு நகரம். 1848இல், ஜோலியட் சொன்ன மாதிரியே, 96 மைல் கால்வாய் திறந்தது, முதல் ரயிலும் ஓடியது, தானியச் சந்தையும் தொடங்கியது. 1850இல் சுமார் 30,000 பேர், 1870இல் சுமார் 3 லட்சம்.

இத்தனை பேரின் கழிவும் எங்கே போகும்? தட்டையான நிலம், சரிவே கிடையாது, தோண்டினால் தண்ணீர். 1854இல் காலரா ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அடுத்த வருடம் செஸ்பரோ என்ற பொறியாளர் போட்ட திட்டம் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டிருக்கும். பள்ளம் தோண்ட முடியாதா? சரி, குழாயைத் தெரு மேலேயே போடு, அதன் மேல் மண் கொட்டித் தெருவை உயர்த்து, அப்புறம் கட்டிடங்களைத் தூக்கு. தூக்கினார்கள். நம்மூரில் இப்போது ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்துகிறார்களே, அதே வேலைதான். 1860இல் லேக் ஸ்ட்ரீட்டில் 320 அடி நீளக் கட்டிட வரிசை ஒன்றுக்கு அடியில் ஆறாயிரம் ஜாக்கிகள், அறுநூறு ஆட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திருகத் திருக, ஐந்தே நாளில் நாலே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்தது. மேலே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது.

இப்போது தீக்கு வருவோம். சுமார் 300 பேர் இறந்தார்கள், லட்சம் பேர் வீடிழந்தார்கள். சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ரயில் பாதைகளில் பெரும்பகுதியும், 1865இல் தொடங்கிய மாட்டுச் சந்தையும், அதையொட்டிய இறைச்சித் தொழிலும் தப்பின. ஊருக்குச் சோறு போட்டவை அவைதான். அவை அழியாமல் இருந்ததால்தான் பணம் திரும்பி வந்தது, ஊரும் எழுந்தது. பாவம் ஓலியரி அம்மாவின் மாடு, விளக்கை உதைத்து அந்தத் தீயைக் கிளப்பிவிட்டது என்ற பழியைச் சுமந்தது. 1997இல்தான் நகர மன்றம் அவர்களை விடுவித்தது.

சாக்கடைப் பிரச்சினை மட்டும் தீரவில்லை. கழிவு ஆற்றுக்கு, ஆறு ஏரிக்கு, ஏரித் தண்ணீர் குடிக்க. ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் வெட்டி தூரத்திலிருந்து தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை. (1885இல் 90,000 பேர் செத்தார்கள் என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது. கட்டுக்கதை, நம்பாதீர்கள். 1891இல் டைபாய்டு பலரைக் கொன்றது நிஜம்.) கடைசியில் 28 மைல் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரி 2 அன்று ஆற்றையே பின்னோக்கி, மிசிசிப்பிப் பக்கமாகத் திருப்பினார்கள். அவ்வளவு அவசரம் ஏன்? கீழே இருக்கும் மிசௌரி மாநிலம் நீதிமன்றத் தடை வாங்கிவிடும் என்ற பயம்! வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1906இல் மிசௌரி தோற்றது.

இதைப் பொறியியல் அதிசயம் என்று பாராட்டுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை, அதிசயம்தான். ஆனால் தன் கழிவை அடுத்த ஊர்க்காரன் வாசலுக்குத் தள்ளிய காரியமும் அதுவேதான். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவதுதான் உறுத்துகிறது.

தனித்தனியாக இருந்த இரண்டு நீர்ப்படுகைகள் ஒட்டியதில் இன்னொரு வினையும் வந்து சேர்ந்தது. மிசிசிப்பிப் பக்கம் பெருகிவிட்ட ஆசியக் கெண்டை மீன்கள் ஏரிகளுக்குள் நுழையாமலிருக்க, அந்தக் கால்வாயில் 2002 முதல் மின்சாரம் பாய்ச்சித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று ஜோலியட் நகரத்தருகே நூறு கோடி டாலருக்கு மேல் செலவில் இன்னொரு தடுப்புத் திட்டம். இரண்டு பக்கத்தையும் முழுசாகப் பிரித்துவிட்டால் என்ன என்று 2014இல் ராணுவப் பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள்: 1,800 கோடி டாலர், 25 வருடம். அந்தப் பணத்தை யார் எடுத்து வைப்பார்கள்? எனக்குத் தெரிந்து மீனுக்கு ஷாக் வைப்பதோடுதான் காலம் ஓடும்.