செங்காந்தள் கிழங்கை அரைத்துக் குடிக்காதீர்கள்

"மூட்டு வலிக்குச் செங்காந்தள் கிழங்கைப் பச்சையாக அரைத்து வெறும் வயிற்றில் குடியுங்கள், மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. உயிருக்கே ஆபத்து.

இலை நுனியைச் சுருட்டி வேலியில் பற்றி ஏறும் அந்தக் கொடி நம் மாநில மலர்தான். கலப்பை வடிவில் இருக்கும் அதன் கிழங்கில் கோல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கீல்வாதத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் கோல்சிசின் மாத்திரை வெறும் 0.5 மில்லிகிராம், அரைத்த விழுதில் எவ்வளவு இருக்கும் என்று யார் அளப்பது? தின்ற சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகுதான் வாந்தி, வயிற்றுப்போக்கு. அடுத்த நாட்களில் எலும்பு மஜ்ஜையே பாதிக்கும். தனி முறிவு மருந்தும் புழக்கத்தில் இல்லை.

சித்த மருத்துவத்தில் இது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுத்தி செய்த, அதாவது நச்சைக் குறைக்கும் முறைப்படி பக்குவப்படுத்திய பிறகே. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் இ(1) அட்டவணையிலும் இது நச்சுப் பொருளாகவே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். யாராவது குடித்திருந்தால், வாந்திக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.