சந்தா வாங்குங்கள், தபால் உறை ஒட்டாதீர்கள்

ஓவியரோ, காமிக்ஸ் வரைபவரோ, பாட்காஸ்ட் நடத்துபவரோ “மாதம் நூறு ரூபாய் சந்தா கட்டுங்கள்” என்று கேட்டுவிட்டால் போதும், இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். “கலைஞன் கையேந்தலாமா?” என்பது ஒன்று. “ஆயிரம் பேர், ஆளுக்கு நூறு, மாதம் ஒரு லட்சம், அப்புறம் என்ன கவலை?” என்பது இன்னொன்று. முதல் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சபாவுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டுகிற, சிற்றிதழுக்கு மணியார்டரில் சந்தா அனுப்பிய ஆட்கள் நாம். அதே பணம் நேராகக் கலைஞர் கைக்குப் போனால் மட்டும் பிச்சையாகிவிடுமா? இரண்டாவது பேச்சுதான் ஆளைக் கவிழ்ப்பது.

என் கட்சி இது: சந்தா வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் அது அடுத்த வேலையைச் செய்வதற்கான பணமாக இருக்கட்டும். மாதாமாதம் பொருள் அனுப்பும் ஒப்பந்தமாக அது மாறிவிட்டால், நீங்கள் நடத்துவது சின்னதாக ஒரு அஞ்சல்வழி வியாபாரம்; படம் வரைவது மிச்ச நேரத்தில்.

முதலில் கையில் எவ்வளவு நிற்கும் என்று பார்ப்போம். ரசிகர்கள் கலைஞருக்குச் சந்தா கட்டும் இணையதளமான பேட்ரியானை 2013-இல் ஜாக் கான்டே என்ற இசைக்கலைஞரும் சாம் யாமும் சேர்ந்து தொடங்கியபோது தளத்தின் பங்கு 5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 4-க்குப் பிறகு புதிதாகப் பக்கம் திறப்பவருக்கு 10 சதவீதம். பணம் கைமாறும் செலவு இதுபோகத் தனி. டாலரில் கார்டு வழியாக வரும்போது, 3 டாலருக்கு மேல் என்றால் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 3 டாலர் வரை என்றால் 5 சதவீதமும் 10 சென்ட்டும். ஆக, ஒருவர் 5 டாலர் கொடுத்தால் உங்களுக்கு ஏறக்குறைய 4.05 டாலர் வரும். அதே 5 டாலரை ஐந்து பேர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் 3.75 தான். ரூபாயாக மாற்றி வங்கிக்குக் கொண்டுவருவதற்குள் இன்னும் கொஞ்சம் உதிரும்.

அதற்காக ஒரு டாலர் ஆட்களை அலட்சியம் செய்தாலும் வினைதான். 2017 டிசம்பரில் பணப் பரிமாற்றச் செலவைச் சந்தாதாரர் தலையிலேயே ஏற்றப்போவதாக பேட்ரியான் அறிவித்தது. ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும். ஒரு டாலர் கொடுத்தவருக்கு 1.38 ஆகும், பத்துக் கலைஞர்களுக்கு ஆளுக்கொரு டாலர் கொடுத்துவந்தவருக்குப் பத்துத் தடவை இந்த அடி. ரசிகர்கள் கொத்துக் கொத்தாக விலக, ஒரு வாரத்துக்குள் அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள்.

உள்ளூர் ரசிகர்களிடம் வாங்குவதில் இடிக்கிற இடம் வேறு. 2021 அக்டோபர் 1 முதல் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதி முழுமையாக அமலுக்கு வந்தது. தொடக்கத்தில் ஓடிபி போட்டு ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குள் வராத வெளிநாட்டுத் தளங்களுக்குப் போக வேண்டிய தொகைகள் அப்படியே நின்றுபோயின. ரசிகருக்கு மனம் மாறவில்லை, அவருக்கு விஷயமே தெரியாது. கார்டு மட்டும் டிக்ளைன் ஆகிக் கிடந்தது. பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் அனுப்பி வாங்கும் சேவையை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குத்தான் அது உதவும். எழுதுபவர்கள் சப்ஸ்டாக் என்ற மின்னஞ்சல் மடல் தளத்தில் கட்டணச் சந்தா திறக்க, பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தில் கணக்கு வேண்டும். ஸ்ட்ரைப்போ 2024 முதல் இந்தியாவில் அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்கு தருகிறது.

எனவே இங்கே நடைமுறையில் ஓடுவது, யூபிஐயில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஆட்டோபே. ரசிகர் கட்டும் பணத்தை வாங்கி உங்கள் வங்கிக் கணக்கில் சேர்க்கும் பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றில் கணக்குத் திறந்து சந்தாத் திட்டம் உருவாக்க வேண்டும். பொதுவான கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 99 ரூபாயில் 2.34 போய் 96.66 நிற்கும். சந்தா வசதிக்கென்று தனியாக ஏதாவது வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பான், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்தும் விண்ணப்பம் திரும்பி வருகிறதென்றால், முதலில் உங்கள் இணையதளத்தைப் பாருங்கள். விலை, விதிமுறைகள், பணம் திருப்பும் கொள்கை, தொடர்பு விவரம் ஆகிய பக்கங்கள் அதில் இருக்க வேண்டும். வெறும் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் காட்டினால் பல இடங்களில் எடுபடாது. டொராண்டோவிலும் சிட்னியிலும் இருப்பவர்களுக்கு பேட்ரியான், மதுரையிலும் திருப்பூரிலும் இருப்பவர்களுக்கு ஆட்டோபே என்று இரண்டு வாசல் வைப்பதே நல்லது.

யூடியூப் மெம்பர்ஷிப் ஒரே பொத்தானில் முடிந்துவிடுகிறதே என்பார்கள். வரியைக் கழித்து, ஐபோன் செயலி வழியாக வந்திருந்தால் ஆப்பிளின் பங்கையும் கழித்து, மிச்சத்தில் 70 சதவீதம் உங்களுக்கு. அந்த 30 சதவீதத்தைவிட எனக்குப் பெரிய உறுத்தல், உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரியை யூடியூப் உங்களுக்குத் தருவதில்லை என்பது. சேனல் முடங்கினால் யார் யார் பணம் கட்டினார்கள் என்று தேடிப் போக வழியில்லை. பேட்ரியானில் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை இறக்கிவையுங்கள்.

இப்போது அந்த ஆயிரம் பேர் கணக்குக்கு வருவோம். மாதம் 30,000 ரூபாய் போதும் என்று வைத்துக்கொண்டால் 99 ரூபாய்த் திட்டத்தில் சுமார் 311 பேர் வேண்டும். மாதம் நூற்றுக்கு ஐந்து பேர் உதிர்ந்தால், புதிதாக ஒருவரும் சேராத நிலையில் ஒரு வருடத்தில் மிஞ்சுவது 170 பேருக்கும் குறைவு. அதே 311-இல் நிற்கவே மாதம் 16 புது ஆட்கள் சேர வேண்டும். அதாவது “சேருங்கள், சேருங்கள்” என்று கூவுகிற வேலை என்றைக்கும் ஓயாது. உதிர்பவர்களில் ஒரு பகுதி கோபித்துக்கொண்டு போகிறவர்களே அல்ல. கார்டு காலாவதி, கணக்கில் இருப்பு இல்லாமை, ஃபோன் மாற்றியது, இப்படி. பணம் வராத அன்றைக்கே மரியாதையாக இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் இவர்களில் பலர் திரும்பிவிடுவார்கள். பத்து நாள் கழித்து அனுப்பினால் பதில் வராது.

ஆட்களைப் பிடித்துவைக்க வேண்டுமே என்ற பயத்தில்தான் பரிசுப் பொருள் வலையில் விழுகிறார்கள். மாதம் 300 ரூபாய்க்கு ஒரு ஏ5 பிரின்ட் என்று அறிவித்தாயிற்று என்று வையுங்கள். அச்சுக்கு 45 ரூபாய், மடங்காமலிருக்க அட்டையும் உறையும் 25, தபாலுக்கு 65. 135 போய்விட்டது, கேட்வே பங்கு தனி. மிச்சம் 158 ரூபாய், பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் 80 பேருக்கு முகவரி எழுதி, படத்தை அட்டையோடு பொதிந்து, உறை ஒட்டி, தபால் நிலையத்தில் ஒவ்வொன்றாக எடை போட்டு ரசீது வாங்க ஒரு பொட்டலத்துக்கு ஆறு நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரம். பின்கோடு தவறு, கதவு பூட்டியிருந்தது, மழையில் நனைந்தது என்று திரும்பி வருபவை வேறு. மாதத்தில் ஒரு முழு வேலை நாளுக்கு மேல் இதற்கே காலி. 2025 ஆகஸ்ட் 25-ஆம் தேதி முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான அஞ்சல்களை இந்திய அஞ்சல் துறை நிறுத்திவைத்தது; அக்டோபர் நடுவில்தான் மீண்டும் எடுக்க ஆரம்பித்தது. அந்த ஏழு வாரமும் அமெரிக்க ரசிகருக்கு மாதாமாதம் பொருள் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தவர் என்ன செய்திருப்பார்? சுங்கச் சட்டம் அங்கே மாறியது, கடன் இங்கே ஏறியது.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? ஏற்கெனவே செய்கிற வேலையின் மிச்சத்தைக் கொடுங்கள். பென்சில் வரைவு, நிராகரித்த பக்கங்கள், வண்ணம் தீட்டும்போது திரையைப் பதிவு செய்த வீடியோ, பாட்காஸ்ட்டில் வெட்டியெறிந்த இருபது நிமிடம், ஒரு வாரம் முன்கூட்டிப் பார்க்கும் வாய்ப்பு. நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் இதற்கு ஆகிற உழைப்பு ஒன்றுதான். பொருள் அனுப்பியே தீருவேன் என்றால் வருடத்துக்கு ஒரு முறை, உள்நாட்டுக்கு மட்டும்.

முக்கியப் படைப்பைப் பூட்டிவைத்து, பணம் கட்டினால் திறப்பேன் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழில் பூட்டிய பிடிஎஃப் டெலிகிராம் குழுவுக்கு வந்து சேர ஒரு ராத்திரி போதும். பூட்டைத்தான் விற்றீர்கள் என்றால் அன்றோடு கடை மூடல். “இவர் தொடர்ந்து வரையட்டும்” என்று கொடுப்பவரை அந்தக் கசிவு ஒன்றும் செய்யாது.

ஐந்து வருடம் நாவல் எழுதுகிறவர், சிற்பி, வருடத்துக்கு ஒரு நாடகம் போடும் குழு, இவர்களுக்கு மாதச் சந்தா ஒத்துவராது. நான்காவது மாதமே “என்ன ஆச்சு?” என்ற கேள்வி வரும், அதைச் சமாளிக்க வேலையை விட்டுவிட்டு வேலையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். மாதக் கணக்கில் இல்லாமல் படைப்புக்கு இவ்வளவு என்று வாங்குவதே இவர்களுக்குச் சரி. பேட்ரியான் தொடங்கியதே அப்படித்தான். 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதி திரட்டும் தளத்தில் சுமார் 25,000 பேரிடம் ஏறக்குறைய 12 லட்சம் டாலர் திரட்டிய அமெரிக்கப் பாடகி அமாண்டா பாமர், 2015-இல் பேட்ரியானுக்கு வந்தபோதும் படைப்புக்கு இவ்வளவு என்றுதான் வாங்கினார். ஆனால் ஆப்பிளின் செயலி விதிகளைக் காரணம் காட்டி அந்த முறையைக் கைவிடப்போவதாக 2024 ஆகஸ்டில் பேட்ரியான் அறிவித்தது. அடுத்தவன் மனையில் வீடு கட்டினால் இதெல்லாம் வரும். நாடகக் குழுவும் நாவலாசிரியரும் சந்தாவை மறந்துவிட்டு, படைப்பு வெளிவருமுன்பே அதற்கான பணத்தை வாங்கிக்கொள்ளும் முன்வெளியீட்டுத் திட்டமாகப் போடலாம்.

வருடச் சந்தாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதாமாதம் வங்கித் தகவல் போய் “இதை நிறுத்திவிடலாமா?” என்று ரசிகரை யோசிக்க வைப்பதால், ஒரே தடவையில் 1,000 ரூபாய் வாங்கிவிடுவது நல்ல வழிதான். சிற்றிதழ் உலகம் ஆயுள் சந்தா வாங்கிப் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு மீதியும் புரியும்: வாங்கிய பணம் இரண்டு இதழில் கரைந்துவிடும், கடமை மட்டும் ஆயுளுக்கும் நிற்கும். வருடப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். நடுவில் நிறுத்த நேர்ந்தால் மீதியைத் திருப்பிக் கொடுக்கக் காசு இருக்கும். வருடத்துக்குப் பத்து மாதம்தான் பதிவு வரும், இரண்டு மாதம் ஓய்வு என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

சந்தாதாரர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். பெண் ரசிகர்களுக்கு நள்ளிரவில் “ஹாய்” போகத் தொடங்கும், பழி உங்கள் மேல் விழும். டெலிகிராம் சேனலோ, வெறும் மின்னஞ்சலோ போதும்.

கடைசியாக வரி. சந்தா என்பது தொழில் வருமானம். வருமான வரிக் கணக்கில் காட்டியே ஆக வேண்டும். சேவைகளுக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும். பேட்ரியானில் வரும் டாலரும் அந்த மொத்தத்தில் சேரும். யூபிஐ குறிப்பில் “கிஃப்ட்” என்று எழுதச் சொன்னால் வரி இல்லை என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் அதே தேதியில் அதே 99 ரூபாய் முந்நூறு பேரிடமிருந்து வந்துகொண்டிருக்கும்போது, அதை அன்பளிப்பு என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார்.