‘இல்லை’ என்றாவது சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் அந்த மூத்த இதழாசிரியர் பேசியதை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; காணொளி இரண்டு நாள்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. “கதையை அனுப்பிவிட்டு மறுநாளே போன் செய்து, ‘சார், கதை வந்ததா?’ என்கிறார்கள், இது பத்திரிகையா, கூரியர் ஆபீஸா?” என்று அவர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாளே யாரும் கேட்பதில்லை, ஐயா. உங்கள் இதழுக்குக் கதை அனுப்பிவிட்டு நான் ஏழு மாதம் கழித்துக் கேட்டேன். கதையைப் போடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டேன். வேறு இதழுக்கு அனுப்பியிருக்கக் கூடாது, இணையத்தில் வந்திருக்கக் கூடாது, முகநூலில் போட்டிருந்தாலும் செல்லாது என்று நிபந்தனை விதித்தவர்கள் நீங்கள்தானே? அதை மதித்துக் காத்திருப்பவனுக்கு நீங்கள் பதில் சொல்லாத ஒவ்வொரு மாதமும் அவனுடைய கதை உங்கள் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. நிராகரித்திருந்தால் அது வெளியே வந்திருக்கும்.

என் சித்தப்பா எண்பதுகளில் வார இதழ்களுக்குக் கதை அனுப்பியவர். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையையும் உள்ளே வைத்து அனுப்புவார். திரும்பிவரும் கதையோடு உள்ளங்கை அகலத்தில், பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துவதாக அச்சடித்த சீட்டு ஒன்று இருக்கும். கரண்ட் பில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பியிலேயே அந்தச் சீட்டுகளையும் அவர் குத்தி வைத்திருந்தார். அவற்றில் ஒன்றில் மட்டும் யாரோ நீல மையில் ‘முடிவை மாற்றிப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். (கடைசிவரை அவர் முடிவை மாற்றவில்லை என்பது வேறு விஷயம்.) ஒரு சீட்டு அச்சடித்து, உறையில் போட்டு, ஒட்டி அனுப்ப அன்றைக்கு ஆள் இருந்தது. இன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்த ஆளில்லை.

சிற்றிதழ் நடத்துவது எத்தனை சிரமம் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். கைக்காசைப் போட்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, ஒருவரோ இருவரோ நடத்துகிறார்கள், மறுக்கவில்லை. உடனே சி.சு. செல்லப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியவர், புத்தக மூட்டையைத் தானே சுமந்து ஊர் ஊராக விற்றவர், அவரெல்லாம் புலம்பினாரா என்பீர்கள். அவர் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் சுமந்த மூட்டையை எதற்கு என் தலையில் இறக்குகிறீர்கள்? முகநூலில் நாளுக்கு நான்கு பதிவும், அத்தனை பேருக்கும் பிறந்தநாள் வாழ்த்தும் போட நேரம் கிடைக்கிறதே.

நல்ல கதையாக இருந்தால் தானாக வெளிவரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். என் கதை மோசமாகவே இருக்கட்டும். அதைத்தான் சொல்லச் சொல்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பதில் போடுகிறவர்களே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பார்த்த ஒரு பதிப்பகத்துக்குத் தொகுப்பை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. புத்தகம் போட நான் கட்ட வேண்டிய முப்பதாயிரம் ரூபாய்க் கணக்கும், அதைப் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணும் அதில் இருந்தன. பன்னிரண்டு கதைகளை ஒரு மணி நேரத்தில் படித்து முடித்தவருடைய வேகத்தை வியந்தபடி மடிக்கணினியை மூடினேன்.

பிறகு ஏன் எழுதுகிறாய் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். மாதக் கணக்கு முடிக்கிற வேலை, பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் ஓய்ந்து, பதினொரு மணிக்கு மேல் சமையலறை மேடையில் மடிக்கணினியை வைத்து நின்றபடி எழுதுகிறேன். போன வருடம் ஒரு கதை வந்தது. கோவில்பட்டியிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா அழைத்து, அதில் வரும் மாமியார் தன் மாமியாரேதான் என்றார். மொட்டைமாடிக்குப் போய் இருபது நிமிடம் பேசினேன். இறங்கி வந்து அன்றிரவே தொடங்கிய கதைதான் இப்போது அந்த மூத்த இதழாசிரியரிடம் பூட்டிக் கிடக்கிறது.

அது மார்ச் 11ஆம் தேதி போனது. கூட்டம் முடிந்த இரவே, கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முறைப்படி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதற்கும் இன்னும் பதில் இல்லை.