குழுவில் சேராமல் கலாபகோஸ் போக முடியாதா?

"குழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாமல் கலாபகோஸில் காலே வைக்க முடியாது, அது சட்டம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை.

ஈக்வடோருக்குச் சொந்தமான இந்தப் பசிபிக் தீவுக்கூட்டத்தின் நிலத்தில் சுமார் 97 சதவீதம் தேசியப் பூங்கா. பர்தோலோமே, வட சீமோர் போன்ற தீவுகளில் பூங்காவின் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்க முடியாது. ஒரு வழிகாட்டிக்கு அதிகபட்சம் 16 பேர். ஆனால் சட்டம் கேட்பது வழிகாட்டியை, எட்டு நாள் குழுக் கப்பல் பயணத்தை அல்ல. இந்த வேறுபாட்டை மழுப்புவது பயணம் விற்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சாந்தா குரூஸ், சான் கிறிஸ்டோபல், இசபெலா ஆகிய தீவுகளில் மக்கள் வசிக்கிறார்கள், விடுதிகள் இருக்கின்றன, இடையே விரைவுப் படகுகள் ஓடுகின்றன. சாந்தா குரூஸில் உள்ள புவேர்த்தோ அயோரா ஊரிலிருந்து டோர்டுகா பே கடற்கரைக்குத் தனியாகவே நடந்து போகலாம். பர்தோலோமேயைப் பார்க்க ஒரு நாள் படகில் இடம் பிடித்தால் போதும், வழிகாட்டி அதிலேயே வருவார். கெனோவேசா, ஃபெர்னாண்டினா போன்ற ஒதுக்குப்புறத் தீவுகள்தான் வேண்டும் என்றால், பெரும்பாலும் கப்பல்தான் வழி; அதை மறுக்கவில்லை.

குழுவில் போனாலும் தனியே போனாலும் பூங்கா நுழைவுக் கட்டணம் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு அது 200 டாலர்.