அரசாங்கச் செலவில் அவதூறு வழக்கு

கருத்துச் சுதந்திரம் என்று பேச்சு எடுத்தாலே, "அமெரிக்காவைப் பாருங்க, அங்கே என்ன வேணாலும் பேசலாம்" என்று ஒருத்தர் வந்துவிடுவார். ஏட்டில் பார்த்தால் சரிதான். 1791-ல் அவர்கள் கொண்டுவந்த முதல் திருத்தம், பேச்சில் கை வைக்காதே என்றது. 1951-ல் நாம் கொண்டுவந்த முதல் திருத்தம், கை வைக்கக் கூடுதல் காரணங்களைச் சேர்த்தது. அதற்கு வழிவிட்ட வழக்குகளில் ஒன்று, 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகைக்கு நம் சென்னை மாகாண அரசு போட்ட தடை!

ஆனால் அந்த 1791 வாசகம் அமெரிக்கப் பத்திரிகைகளை அவதூறு வழக்கிலிருந்து காப்பாற்ற 1964 வரை ஆனது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக 1960-ல் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம். அதில் பிழைகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதானதை ஏழு என்று போட்டிருந்தார்கள். போராட்டத்தில் மாணவர்கள் பாடியது தேசிய கீதம். விளம்பரத்தில் வேறு பாட்டு. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த சல்லிவனின் பெயர் அதில் எங்குமே இல்லை. அந்த வட்டாரத்தில் விற்றதே 35 பிரதிகள்தான். இருந்தும் சல்லிவன் அவதூறு வழக்குப் போட, அலபாமா ஜூரி அவருக்கு 5 லட்சம் டாலர் கொடு என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் எழுதினார்கள் என்று அதிகாரிதான் நிரூபிக்க வேண்டும்.

இந்த விதி நம் ஊருக்கு வந்தது ஆட்டோ சங்கர் வழியாக. அவர் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவதாக இருந்தது. பெரிய அதிகாரிகளின் பெயர் அடிபடும் விஷயம். சிறைத்துறைத் தலைவரிடமிருந்து வெளியிடாதே என்று கடிதம் போனது. 1994-ல் உச்ச நீதிமன்றம், முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை, அரசு தனக்கு அவதூறு என்று நஷ்டஈடும் கேட்க முடியாது என்றது. சல்லிவன் வழக்கையும் அதில் எடுத்துக்காட்டினார்கள்.

கோட்டை விட்டது இங்கேதான். சல்லிவன் தீர்ப்பு வந்த அதே வருஷம், சிறைக்கு அனுப்பக்கூடிய கிரிமினல் அவதூறுக்கும் அதே விதி என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாம் நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கோடு நின்றோம். கிரிமினல் பிரிவுக்குள் போகவில்லை என்று நக்கீரன் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார்கள். 2016-ல் அந்தப் பிரிவு செல்லும் என்றும் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நற்பெயரும் வாழ்வுரிமையில் சேர்த்தியாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரி, மந்திரிக்குமா?

இலங்கை 2002-லேயே கிரிமினல் அவதூறை ஒழித்துவிட்டது. இங்கிலாந்து 2009-ல் அதை ஒழிக்கச் சட்டம் போட்டது. நம்மிடம் ஐபிசி போய் புதுச் சட்டம் வந்தும் இரண்டு வருஷச் சிறை அப்படியே இருக்கிறது. மந்திரியோ அதிகாரியோ தன் பணி சம்பந்தமாக அவதூறு என்றால், அரசு வக்கீலே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். எழுதியவர் வாய்தா வாய்தாவாக அலைவார். அப்படிப் போட்ட வழக்குகள் பல வருஷம் கிடந்து, 2020-ல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தாயின்.

மந்திரிக்கு மானம் போனால் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடட்டும், யார் வேண்டாம் என்றது? சொந்தக் காசில் வக்கீல் வைத்து, சொந்தக் காலில் கோர்ட்டுக்கு வந்து.