கேமராவைப் பூட்டிய டேப்லெட் எங்களுக்கு எதற்கு?

நடுநிலைப் பள்ளி அறிவியல் வகுப்புக்கு டேப்லெட் தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்களுக்கும் ஒரு நிறுவனம் நன்கொடையாக டேப்லெட் கொடுத்தது. சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டோம். திறந்து பார்த்தால் கேமரா பூட்டப்பட்டிருக்கிறது. மைக்கும் வேலை செய்யாது. புதிதாக எந்தச் செயலியும் ஏற்ற முடியாது. அவர்கள் ஏற்றித் தந்த வீடியோக்களைப் பார்க்கலாம், வீடியோ முடிந்ததும் வருகிற நான்கு விடைகளில் ஒன்றைத் தொடலாம். அவ்வளவுதான்.

கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய வீடியோவில் திமிங்கலம் வருகிறது, பெங்குவின் வருகிறது. ஆவுளியா என்கிற கடல்பசு வரவில்லை. மன்னார் வளைகுடா என்ற பெயர்கூட இல்லை. 21 தீவுகளும் பவளப்பாறையும் கடல்புல்லும் இருக்கிற, 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கடலின் கரையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பிள்ளைகள் பெங்குவின் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு டிவியே போதுமே.

டேப்லெட்டை வாங்கிக் கொடுத்தாலே படிப்பு உயர்ந்துவிடும் என்ற எண்ணம் உலகம் முழுக்க அடிபட்டுப் போன ஒன்று. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று பெரிய அளவில் கொடுத்தார்கள். ஆய்வு செய்து பார்த்தபோது கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. பள்ளிக் கணினிகளில் அதிகம் முதலீடு செய்த நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை என்று, பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி 2015-இல் அறிக்கையே வெளியிட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. நாம் சொல்ல வேண்டியதைத் திரை சொல்கிறது, பிள்ளை சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. அதில் என்ன மாறப் போகிறது?

அப்புறம் ஏன் டேப்லெட் வேண்டும் என்கிறேன்? 2019 செப்டம்பரைச் சொல்கிறேன். மண்டபம், பாம்பன் பக்கம் கடல் திடீரென்று பச்சையாகிவிட்டது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. ஊர்ப் பெரியவர்கள் பார்த்ததும் சொல்லிவிட்டார்கள், பூங்கோரை வந்திருக்கிறது என்று. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கடல்ல யாரும் மருந்து கலந்துட்டாங்களா?" என்று கேட்டான். அவன் அப்பா அன்றைக்கு வள்ளம் இறக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை அந்தத் தண்ணீரிலேயே இருந்தது. பெரியவர்கள் பூங்கோரை என்றது நாக்டிலூக்கா என்ற ஒருசெல் உயிரியைத்தான். ஒருசெல் என்றாலும் ரொம்பச் சின்னது இல்லை, சில சமயம் இரண்டு மில்லிமீட்டர் வரைகூட வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற கிளிப் லென்ஸை டேப்லெட் கேமராவில் மாட்டி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தால், உருண்டை உருண்டையாகத் தெரியும். பச்சை நிறம் அதற்குச் சொந்தமானது இல்லை, அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியுடையது. பெருகுவது அளவு மீறிப்போய், அத்தனையும் மடிந்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது. அந்த முறை தீவுகளை ஒட்டிய பவளங்களும் தப்பவில்லை. செல், கூட்டுயிர் வாழ்க்கை, சுவாசம், நீர் மாசு என்று புத்தகத்தில் தனித்தனியாகக் கிடக்கிற பாடங்கள் எல்லாம் அந்த ஒரு சொட்டில் இருந்தன. நாற்பது பிள்ளைகளுக்கு எங்களிடம் ஒரே ஒரு நுண்ணோக்கி. அதையும் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம்தான் பார்க்க முடியும். கேமரா திறந்திருக்கிற டேப்லெட் பத்து இருந்தால் பத்துக் குழு ஒரே நேரத்தில் பார்க்கும், படம் எடுத்து வைக்கும், மறுநாள் எடுத்த படத்தோடு ஒப்பிடும்.

இந்தக் கடற்கரைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் மூன்றும் 2001-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பழைய பள்ளிகளில் ஃபார்மலின் போட்ட கண்ணாடி ஜாடிகளில் இவற்றை வைத்திருப்பார்கள், இன்றைக்கு அது முடியாது, கூடவும் கூடாது. அப்படியென்றால் எங்கள் பிள்ளைக்கு மாதிரி என்று என்ன மிஞ்சுகிறது? படம்தான். கரைவலையில் சிக்கிய கடல்குதிரையை மீண்டும் தண்ணீரில் விடுவதற்கு முன்னால் எடுத்த ஒரு நிமிட வீடியோதான். சட்டத்தை மீறாமல் கடலை வகுப்புக்குக் கொண்டுவர இங்கே வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மைக்கைப் பூட்டியதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். என் வகுப்பில் பல பிள்ளைகளின் அம்மாக்கள் கடலில் பாசி எடுக்கப் போகிறவர்கள். மரிக்கொழுந்து எது, கஞ்சிப்பாசி எது, கட்டக்கோரை எது, எது எந்த மாதம் கிடைக்கும், எந்தக் காற்றில் தண்ணீர் கலங்கும் என்று விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் என்ற கூழ்ப்பொருளை எடுக்கிறார்கள். ஆய்வகங்களில் நுண்ணுயிர் வளர்க்கப் பயன்படுவது அகர்தான். அம்மா முங்கி எடுக்கிற பாசிக்கும் எட்டாம் வகுப்பு நுண்ணுயிரிகள் பாடத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அம்மாவின் குரலில் பாசிகளின் பெயர்களைப் பதிவு செய்து, பக்கத்தில் படத்தை வைத்து, பிள்ளைகளே ஒரு தொகுப்பு செய்தால் அது எந்தப் பாடநூலிலும் கிடைக்காத ஒன்றாக இருக்கும்.

கலாம் ஐயா மேடைதோறும் சொன்ன விஷயம் எல்லாருக்கும் தெரியும். ராமேஸ்வரம் பள்ளியில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, பறவை எப்படிப் பறக்கிறது என்று ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகள் புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே கூட்டிப் போனார். இந்தக் கதையைச் சொல்லி, டேப்லெட்டே வேண்டாம், கடற்கரை போதும் என்று வாதாடும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடற்காக்கை இறக்கையை அடிக்கிற வேகத்தில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. அதையே ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் இறக்கை கீழே வரும்போது எப்படி விரிகிறது, மேலே போகும்போது எப்படி மடங்குகிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லும். கடற்கரைக்குப் போக வேண்டும், டேப்லெட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் பைஃபாக்ஸ் செயலி இருந்தால், இரண்டு டேப்லெட்டும் இரண்டு கைத்தட்டலும் போதும், பள்ளி வராந்தாவிலேயே ஒலியின் வேகத்தை அளந்துவிடலாம். இணையமே தேவையில்லை. தட்டில் கடல்நீரை ஊற்றி வெயிலில் வைத்து, உப்பு படிவதை டைம்லாப்ஸ் எடுக்கலாம், பல மணி நேரம் நடப்பதைச் சில நொடிகளில் பார்த்துவிடலாம். எங்களுக்குக் கடல்நீருக்கும் வெயிலுக்கும் பஞ்சமா?

பெற்றோர்களின் பயம் எனக்குப் புரிகிறது. "வீட்டுல போனைப் பிடுங்கவே முடியல, நீங்களும் ஒண்ணைக் கையில குடுக்குறீங்களே டீச்சர்" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. ஆளுக்கு ஒன்று வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம். நான்கு பேருக்கு ஒன்று, தராசும் வெப்பமானியும் இருக்கிற அதே அலமாரியில் இருக்கட்டும். சோதனை இருக்கிற நாளில் வெளியே வரட்டும். பெண்பிள்ளைகளின் படம் வெளியே போய்விடும் என்றுதான் கேமராவைப் பூட்டியதாக அந்த நிறுவனத்தார் சொன்னார்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். அதற்கு இணையத்தைத் துண்டியுங்கள், முகத்தை எடுக்கக் கூடாது என்று வகுப்பில் விதி வைப்போம், பாடம் முடிந்ததும் ஆசிரியர் சரிபார்ப்போம். அறிவியலுக்கு வேண்டிய கண்ணையும் காதையும் அடைத்துவிட்டுக் கொடுப்பது தீர்வு இல்லை.

கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் கிளிப் லென்ஸ், தண்ணீர் புகாத உறை, பேட்டரி மாற்றும் செலவு, இரண்டு நாள் ஆசிரியர் பயிற்சி இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். இங்கே உப்புக்காற்றில் சார்ஜ் போடுகிற முனை சீக்கிரமே துருப்பிடித்துவிடும், பழுது பார்க்க ராமநாதபுரம் டவுனுக்குத்தான் போக வேண்டும். பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது டேப்லெட் எத்தனை வந்தது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒன்றை வாங்கி, கேமரா திறக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், திறந்து கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.