“கச்சாங் இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள்

மலேசியாவில் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புகளில், உணவு அலர்ஜி உள்ள பிள்ளையைக் கூட்டி வருகிறவர்களிடம் வருடா வருடம் கேட்கும் பேச்சு இது. கச்சாங் என்று இங்கே நாம் சொல்வது நிலக்கடலையை.

“ஆன்ட்டி, இதுல கச்சாங் இருக்கா? பிள்ளைக்கு ஆகாது.”

“இல்லம்மா, வெறும் கடலை மாவுதான். தைரியமா குடு.”

ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. ஓமப்பொடியில் கடலைப்பருப்பு மாவுதான் இருக்கிறது. ஆனால் அது வெந்த எண்ணெயில்தான் அரை மணி நேரம் முன்பு மிக்சருக்கு நிலக்கடலை பொரிந்தது. பதில் சரி, கேள்விதான் தப்பு.

இந்தக் குழப்பத்தில் பாதி நம் சொற்களிலேயே இருக்கிறது. மலாயில் நிலக்கடலை கச்சாங் தானா, பாசிப்பயறு கச்சாங் ஹிஜாவ், இரண்டுமே கச்சாங். தமிழிலும் நிலக்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை என்று எல்லாம் கடலை. முந்திரியும் பாதாமும் நமக்குப் பருப்பு. அதனால் “கடலையே போடல” என்று சத்தியம் செய்கிறவர் வீட்டு நெய் உருண்டையில் முந்திரி இருக்கும். கேட்பதானால் இப்படிக் கேளுங்கள்: என்னென்ன போட்டீர்கள், எந்த எண்ணெய், அதே எண்ணெயில் வேறு என்ன பொரித்தீர்கள். மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய நேரமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அல்ல. அப்போது அந்த வீட்டம்மா நாற்பது பேருக்குப் பரிமாறிக்கொண்டிருப்பார். பலகாரம் சுடுவதற்கு முன், இரண்டு வாரம் இருக்கும்போதே வாட்சப்பில் எழுதிவிடுங்கள்: “அக்கா, மகனுக்கு நிலக்கடலை, முந்திரி, முட்டை கொஞ்சம் பட்டாலும் மூச்சு அடைக்கும். அவனுக்கான பலகாரத்தை நாங்களே கொண்டு வருகிறோம். மேசையில் எதில் இதெல்லாம் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பாக்கெட் இருந்தால் படம் அனுப்புங்கள்.” “ஒத்துக்காது” என்று எழுதாதீர்கள். நம்மூரில் ஒத்துக்காது என்றால் வயிறு கொஞ்சம் கடமுடா என்பதோடு சரி. மூச்சு என்று எழுதினால்தான் உறைக்கும்.

பாக்கெட்டில் வாங்கியது என்றால் மலேசியாவின் 1985 உணவு விதிமுறைகள் கொஞ்சம் துணைக்கு வரும். நிலக்கடலை உள்ளிட்ட கொட்டைகள், சோயா, பால், முட்டை, மீன், கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் ஆகியவற்றை லேபிளில் குறிப்பிட வேண்டும். லேபிள் மலாயில் இருந்தால் தேட வேண்டிய சொற்கள்: கச்சாங் தானா, காஜுஸ் (முந்திரி), பாடாம், பீஜான் (எள்), சூசூ (பால்), தெலோர் (முட்டை), கண்டும் (கோதுமை), ஊடாங் (இறால்). “முங்கின் மெங்கண்டுங்கி”, அதாவது இருக்கக்கூடும் என்று போட்டிருந்தால் நம் பிள்ளைக்கு அது இருக்கிறது என்றே அர்த்தம். பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் தீபாவளிக் கடைகளில் நிறுத்துத் தரும் பலகாரத்துக்கு லேபிளே கிடையாது. கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பயறு வகைகள்) அள்ளிய அதே கரண்டியால் முறுக்கையும் அள்ளுவார்கள். வீட்டில் சுட்டு டப்பாவில் விற்பவர்களில் பலர் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் ஒட்டுகிறார்கள். கடுமையான அலர்ஜி உள்ள பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம்.

இனி மேசைக்கு வருவோம். அச்சு முறுக்கு பார்க்க முறுக்கு, உள்ளே முட்டை. கோழிக் குருமாவில் முந்திரியை அரைத்து ஊற்றியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. சுகி பிஸ்கட்டில் நெய், சில வீடுகளில் பாதாம் தூளும் சேரும். நெய்யை எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் பால் புரதம் கொஞ்சம் மிஞ்சும், மார்ஜரினிலும் பால் பொருள் சேர்ப்பதுண்டு. கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஆகாத பிள்ளையின் ரசத்தில் வில்லன் அதுதான். மலாய் அண்டை வீட்டிலிருந்து வரும் சாத்தே குழம்பில் நிலக்கடலை என்பது எல்லாருக்கும் தெரியும். சம்பலில் இருக்கும் பிளாச்சான் இறால் என்பதை மறந்துவிடுகிறோம். பினாங்கு பசெம்போர் சாலட்டில் இரண்டுக்குமே இடமுண்டு. ரோஸ் பாண்டோங் தண்ணீரில் பால். தேங்காயைக் கண்டு சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள். கொட்டை அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தேங்காய் ஒன்றும் செய்யாது. ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பொரிப்பதால் அலர்ஜி போய்விடும் என்ற நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அலர்ஜியைக் கிளப்புவது புரதம். நிலக்கடலைப் புரதம் வாணலி சூட்டில் அழியாது, வறுத்தால் வீரியம் கூடவும் செய்யும். சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் மிகக் குறைவு, செக்கில் ஆட்டியதில் அப்படியே இருக்கும். நல்லெண்ணெய் பெரும்பாலும் சுத்திகரிக்காமலே வருகிறது. எள் ஆகாத பிள்ளைக்கு இட்லிப்பொடியில் குழைத்த நல்லெண்ணெயே போதும். தீபாவளிக் காலையில் பாட்டி தலையில் வைக்கும் எண்ணெயும் அதுதான். தோல் வெடித்து எக்சிமா இருக்கும் பிள்ளை என்றால் அது இன்னும் மோசம். அவனுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினால் தீபாவளி குறைந்துவிடாது. கங்கா ஸ்நானத்துக்கு எண்ணெய்தானே கணக்கு, எள் இல்லையே.

வீட்டில் சுடுவதானால் வரிசைதான் எல்லாம். புது எண்ணெய், கழுவிக் காயவைத்த வாணலி, ஜல்லிக்கரண்டி, முறுக்கு அச்சு. முதல் ஈடு அலர்ஜி பிள்ளைக்கு. ஆறியதும் புது டப்பாவில் போட்டு மூடி, பெயர் எழுதி, மேல் தட்டில் வைத்த பிறகுதான் நிலக்கடலைப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசி மாவுக்கு 200 கிராம் உளுந்து மாவு, எள்ளுக்குப் பதில் ஓமம், வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஐந்தாறு மேசைக்கரண்டி, பிசையத் தேங்காய்ப்பால். பால், முட்டை, கொட்டை, எள் எதுவும் இல்லாத முறுக்கு தயார், மொறுமொறுப்பும் குறையாது. உளுந்தை மில்லில் கொடுக்காமல் வீட்டிலேயே அரையுங்கள். நமக்கு முன்னால் அந்த இயந்திரத்தில் எள் அரைத்தார்களா, கச்சாங் அரைத்தார்களா, யார் கண்டது?

விருந்து வீட்டில் ஆபத்து சாப்பாட்டு மேசையைவிடக் காப்பி மேசையில்தான் அதிகம். சோபாவுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் மிக்சர் தட்டு. இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சரியாக வாய்க்கு நேரே. அதை மேலே தூக்கி வைக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி. கச்சாங் தின்ற கையைச் சோப்பும் தண்ணீரும், இல்லாவிட்டால் ஈரத் துடைப்பானும்தான் சுத்தம் செய்யும். ஜெல் சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை அகற்றாது. பிள்ளையை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாறும்போது “இப்போ நீங்க பாருங்க” என்று வாய்விட்டுச் சொல்லி மாறுங்கள். பத்து பேர் பார்க்கும் பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. ஊட்டிவிடுகிற பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “கொஞ்சூண்டு தின்னா ஒண்ணும் ஆகாது” என்பது அன்பில் வருகிற வார்த்தை, அதனால்தான் தடுப்பது கடினம். வந்த பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பை கட்டுகிறவர்களே, அங்பாவ் (காசு வைத்த உறை) மட்டும் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும்.

இத்தனைக்கும் மீறி ஏதோ வாயில் போய்விட்டால்? பெரும்பாலும் சில நிமிடங்களில், சில சமயம் இரண்டு மணி நேரம் கழித்துக்கூட அறிகுறி தெரியும். உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி. குரல் கம்மல், விடாத இருமல், இழுப்பு, பிள்ளை வெளிறித் துவண்டுபோவது, இவற்றில் எது வந்தாலும் அனபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமலும் இது வரலாம். ஓடியாடிய பிள்ளை திடீரென்று அமைதியானால் தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மருந்து அட்ரினலின் ஒன்றுதான். அலர்ஜி சிரப் அரிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. தூக்கத்தையும் கொடுத்து நிலைமையை மறைக்கும். வெற்றிலையும் மிளகும் வேண்டாம், திருஷ்டியை அப்புறம் கழிக்கலாம். எபிபென் (அட்ரினலின் நிரப்பிய பேனா வடிவ ஊசி) என்றால் நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்க நடுவில் சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூன்று எண்ணுங்கள். உடுப்புக்கு மேலேயே போடலாம், ஆனால் ஜிப்பா பாக்கெட்டில் அங்பாவும் சில்லறையும் இருக்கும், அதை விலக்கிவிட்டுப் போடுங்கள். பிள்ளை உதைக்கும், காலை இன்னொருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். 15 முதல் 30 கிலோ வரை 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3 என்பது பொதுவான அளவு. உங்கள் பிள்ளைக்குரியதை மருத்துவர் எழுதித் தருவார். போட்டதும் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழையுங்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவையுங்கள், வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தேறியது போலத் தெரிந்தாலும் எழுப்பி நடக்கவைக்காதீர்கள், திடீரென இரத்த அழுத்தம் விழும். ஐந்து நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஊசி முதலில், நீல இன்ஹேலர் பிறகு. மத்தாப்புப் புகையால் வந்த இழுப்பா, தின்றதால் வந்த இழுப்பா என்று தெரியாவிட்டாலும் ஊசியே போடலாம்.

இந்தப் பேனா இருக்க வேண்டிய இடம் பிள்ளை இருக்கும் அறை. படுக்கையறைக் கட்டிலில் குவிந்த முப்பது கைப்பைகளுக்கு அடியில் அல்ல. பினாங்குக்கு ஓட்டிப் போகும் வழியில் ஓய்வுத்தலத்தில் நிறுத்திய காருக்குள்ளும் விடாதீர்கள், வெயிலில் மருந்து கெடும். ஐஸ்பெட்டியிலும் வைக்கக்கூடாது. கிளம்புமுன் காலாவதித் தேதியைப் பாருங்கள், உள்ளே திரவம் கலங்கியோ நிறம் மாறியோ இருந்தால் புதுசு வாங்குங்கள். எல்லா மருந்தகத்திலும் கையிருப்பு இருக்காது, அதனால் தீபாவளிக்கு முதல் நாள் தேடாதீர்கள்.

மருத்துவமனையில் பிள்ளை சிரிக்க ஆரம்பித்ததும் யாராவது ஒரு மாமா “அதான் சரியாயிடுச்சே, வீட்டுக்குப் போலாம், விருந்தாளிங்க காத்திருக்காங்க” என்பார். சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறையும் வரலாம் என்பதால்தான் அங்கே வைத்துப் பார்க்கிறார்கள், மருத்துவர் விடும்வரை இருங்கள். பயன்படுத்திய பேனாவுக்குப் பதில் புதியதற்கு அன்றே சீட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த வீட்டு உபசரிப்பு அடுத்த சனிக்கிழமையே இருக்கும்.